புது மரத்தரை சத்தம் போடுகிறதா? ஆணி அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் தரை என்றால் ஒரு காலத்தில் ரெட் ஆக்சைடு, கடப்பா கல். அப்புறம் மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, இப்போது டைல்ஸ். இதில் எதுவும் நாம் நடந்தால் பதில் சொல்வதில்லை. அதனால்தான் ஆசைப்பட்டு மாடி அறையில் மரத்தரை போட்டவர்கள், முதல் மாதத்திலேயே அது 'கிரீச்' என்றதும் பதறிப்போகிறார்கள். "இன்னா தம்பி, இவ்ளோ செலவு பண்ணிப் போட்டா, கால் வெச்சா கத்துது?" என்று போன் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் பாதி வீடுகளில் ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கும். பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டு, சத்தம் வந்த இடத்தில் 2 இஞ்ச் ஆணி நாலு அடித்திருப்பார்கள். சத்தம் நின்றிருக்காது. ஆணித் தலை மட்டும் பளபளவென்று தெரியும்.

என் அப்பா கதவு, ஜன்னல், நிலை செய்கிற ஆசாரி. நான் தரை வேலைக்கு வந்துவிட்டேன். இந்த வேலையில் எனக்குப் புரிந்தது இதுதான்: சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடிக்கலாம். மாஸ்கிங் டேப், ஒரு நோட்டு, டார்ச், பழைய விசிட்டிங் கார்டு, டால்கம் பவுடர், கொத்தனாரிடம் ஒரு நாள் கடனாக வாங்கிய 6 அடி அலுமினிய மட்டக்கோல். இவ்வளவு போதும்.

முதலில், உங்கள் தரை எந்த வகை?

இது தெரியாமல் மேலே போகவே முடியாது. மூன்று விதமாகப் போடுகிறார்கள். ஒன்று, தளத்தின் மேல் ப்ளைவுட்டோ ரீப்பரோ (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அதில் பலகையை ஆணியால் அடிப்பது. முழுத் தேக்கு மாதிரி கெட்டிப் பலகைகளைப் பெரும்பாலும் இப்படித்தான் போடுவார்கள்; கனம் 6 நூல் அளவில் இருக்கும். (நூல் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒரு இஞ்ச்சுக்கு 8 நூல். அதாவது ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆசாரியிடம் மில்லிமீட்டரில் பேசினால் உங்களை இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார்.) இரண்டாவது, பலகையைத் தளத்திலேயே பசை போட்டு ஒட்டுவது. மூன்றாவது, ஃபோம் ஷீட் விரித்து அதன் மேல் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுவது. இதில் பலகை தளத்தோடு எங்கேயும் பிடித்திருக்காது, முழுத் தரையும் ஒரே பாயாக மிதக்கும். எஞ்சினியர்டு வுட், லேமினேட் இரண்டையும் நம் ஊரில் பெரும்பாலும் இப்படிப் போடுகிறார்கள்.

லேமினேட் மரமே இல்லை என்பதைப் பலர் தரை போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் மரம் மாதிரி அச்சடித்த தாளை ஒட்டி, மேலே ஒரு கெட்டியான பூச்சு கொடுத்தது அது. மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. ஆனால் தேக்குப் பலகைக்குச் சொல்லும் வைத்தியம் அதற்கு ஒத்துவராது. எது போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகமாக இருந்தால் வாசல்படி ஓரத்தில் இருக்கும் அலுமினியப் பட்டையைக் கழற்றி, பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக இருந்தால் கெட்டிப் பலகை. மேலே மெல்லிய மரம், கீழே ப்ளைவுட் மாதிரி அடுக்கு இருந்தால் எஞ்சினியர்டு. தாள் கனத்தில் ஒரு படம், கீழே பழுப்பு நிறத்தில் ஒரே சீராக இருந்தால் லேமினேட்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

சத்தம் கேட்ட அன்றே யாரையும் கூப்பிட வேண்டாம். நோட்டில் அறையின் படத்தைக் கட்டமாகப் போட்டு, கதவு, ஜன்னல், கட்டில், பீரோ இருக்கும் இடங்களைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் எழுதினால் போதும்: எந்த இடம், என்ன நேரம், ஏசி ஓடியதா, அன்றைக்குத் தரை துடைத்தார்களா. மழை பெய்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சரியாகப் பிடிப்பது நினைப்பதைவிடச் சிரமம். மரத்தில் சத்தம் ஓடும். கால் வைத்த இடத்தில் வருகிற மாதிரி தோன்றும், உண்மையில் இரண்டு அடி தள்ளி இருக்கும். அதனால் இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் வெறுங்காலில் மெதுவாக, குதிகாலில் எடையை வைத்து ஒவ்வொரு பலகையாக நடக்க வேண்டும். இன்னொருவர் மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காதைவிடக் கை நல்ல சாட்சி. எங்கே விரல் நுனியில் அதிர்வு வெடுக்கென்று தட்டுகிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். அறை முழுக்க முடித்துவிட்டு எழுந்து பார்த்தால், டேப் துண்டுகள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சுவர் ஓரமாக வரிசையாக இருந்தால் ஒரு காரணம். நடு அறையில் ஒரே திட்டாக இருந்தால் வேறு காரணம். நேர்கோடாக 4 அடிக்கோ 8 அடிக்கோ ஒன்றாக இருந்தால் அடியில் இருக்கும் ப்ளைவுட் ஷீட்டின் விளிம்பு அது. 8 அடிக்கு 4 அடிதானே ஷீட்டின் அளவு.

நடப்பதற்கு முன் கட்டிலையும் பீரோவையும் வெளியே நகர்த்திவிடுங்கள். தொரப்பாடியில் ஒரு வீட்டில் மூன்று நாள் தரையைக் குடைந்துவிட்டு, கடைசியில் கட்டில் போல்ட்டை முடுக்கினேன். சத்தம் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. காசு வாங்கவில்லை.

சத்தத்தின் ஜாதகம்

'கிரீச்', 'கீச்' என்று இழுத்தால் இரண்டு பொருள் ஒன்றோடொன்று உரசுகிறது. பலகையோடு பலகை, அல்லது பலகையோடு ஆணி. சொடக்குப் போட்ட மாதிரி 'டக்' என்று ஒரே தடவை வந்தால், எதுவோ பிடித்துக்கொண்டிருந்து விடுபடுகிறது. 'தொம் தொம்' என்றால் அடியில் காலி. நொறுக்குத்தீனி தின்கிற மாதிரி 'நொறுநொறு' என்றால் ஃபோமுக்குக் கீழே மணலோ சிமென்ட் பொடியோ கிடக்கிறது, பெருக்காமல் விரித்துவிட்டார்கள். இந்தக் கடைசி ஒன்றுக்கு ஆராய்ச்சியே வேண்டாம், அந்தப் பகுதியைக் கழற்றிப் பெருக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான். மற்ற மூன்றையும் பார்ப்போம்.

கிரீச்: உரசல் எங்கே?

பலகையின் ஒரு பக்க விளிம்பில் நாக்கு, மறுபக்கம் காடி, அதாவது நீளவாக்கில் செதுக்கிய பள்ளம். நாக்கு காடிக்குள் உட்கார்ந்திருக்கும். ஆணி அடித்த தரையில், அந்த நாக்கின் மேல் சாய்வாக 45 டிகிரியில் ஆணி இறங்கியிருக்கும். 8 முதல் 10 இஞ்ச்சுக்கு ஒன்று, பலகை முடியும் இடத்துக்கு 2, 3 இஞ்ச்சுக்குள் ஒன்று. அடியில் தளம் பள்ளமாக இருந்தால், மிதிக்கும்போது பலகை அரை மில்லிமீட்டர் இறங்கி ஏறும். ஆணி இருந்த இடத்திலேயே நிற்கும், பலகை மட்டும் அதன் மேல் வழுக்கும். நூறு தடவை இப்படி ஏறி இறங்கினால் ஆணியின் துளை பெரிதாகிவிடும். சத்தம் வாராவாரம் அதிகமாவது இதனால்தான்.

பலகையா, ஆணியா என்று பிரித்துப் பார்க்கப் பவுடர் சோதனை உண்டு. டேப் ஒட்டிய இடத்தில் பலகை இணைப்பின் மேல் டால்கம் பவுடரைத் தூவி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்குக்குள் தள்ளுங்கள். மேலே துணியைப் போட்டுப் பத்து நிமிடம் அதே இடத்தில் மிதியுங்கள். சத்தம் அடங்கினால் பலகைகள்தான் உரசின. துளியும் மாறாவிட்டால் ஆணியோ, அதற்குக் கீழே இருக்கும் ப்ளைவுட்டோ. அடங்கிய சத்தம் ஓரிரு மாதத்தில் திரும்ப வரலாம். அப்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. இதே இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவுக் கீலுக்கு ஊற்றிப் பழகிய கை. தரையில் அது கறையாகப் படிந்து, தூசியைப் பிடித்துக் கறுத்துப்போகும். பிறகு பாலீஷ் போட வந்தால் அந்த இடத்தில் பாலீஷ் ஒட்டாது. இயந்திரத்துக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படியே.

ஆணிதான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, பலகை எவ்வளவு இறங்குகிறது? விசிட்டிங் கார்டு அதற்குத்தான். சுவர் ஓரம் என்றால் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) தரைக்கும் நடுவில் கார்டைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் ஒரு அடி தள்ளி மிதிக்கட்டும். கார்டு தளர்ந்து ஆடினால் பலகை கீழே போகிறது. நடு அறை என்றால் மட்டக்கோலைச் சத்தம் வரும் இடத்தின் மேல் படுக்க வைத்து, அடியில் டார்ச் அடியுங்கள். கோலின் நீளத்துக்குள் எங்கேயாவது ஒரு நூலுக்கு மேல் வெளிச்சம் கசிந்தால் தளம் மட்டமாக இல்லை. ஆறடிக்கு ஒரு நூல் என்பது நான் பொறுத்துக்கொள்ளும் கடைசி அளவு.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கொத்தனார் தளம் போடுவது டைல்ஸை மனதில் வைத்து. டைல்ஸ் ஒட்டும்போது அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்து மட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாம், அதனால் தளத்தில் ஒரு நூல், இரண்டு நூல் பள்ளம் யாருக்கும் தெரியாது. மரத்துக்கு அடியில் அப்படிக் கூட்டிக் குறைக்க எதுவும் இல்லை. எனக்கு வரும் கிரீச் புகார்களில் பெரும்பாலானவை மரத்தின் குற்றமே இல்லை, அடியில் இருக்கும் சிமென்டின் குற்றம். அதனால்தான் மேலிருந்து ஆணி அடித்தால் நிற்பதில்லை. பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கிறது.

ஃபோம் மேல் மிதக்கும் தரையில் இன்னொரு தப்பு சேரும். தளம் பள்ளம் என்று தெரிந்ததும், சரிசெய்யச் சோம்பல்பட்டு, அந்த இடத்தில் ஃபோமை இரட்டையாக விரித்துவிடுவார்கள். மெத்தை மாதிரி இருக்கும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பூட்டு முனைகள் ஒவ்வொரு மிதிக்கும் மடங்கி மடங்கி, கொஞ்ச நாளில் உடையும். அப்புறம் 'கிரீச்'சோடு 'டக்'கும் சேர்ந்துகொள்ளும்.

டக்: எதுவோ பிடித்திருக்கிறது

சுவர் ஓரமாக டேப் வரிசையாக விழுந்திருந்தால் ஸ்கர்ட்டிங் ஒன்றை மட்டும் பதமாகக் கழற்றுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 10 முதல் 12 மில்லிமீட்டர், அதாவது 3 நூலிலிருந்து 4 நூல் வரை, காலி இடம் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். மரம் ஈரம் குடித்து விரியும்போது போய் நிற்க அதுதான் இடம். இந்த இடைவெளிக்குள் என்னென்னவோ கிடக்கும்: பூசும்போது விழுந்த சிமென்ட் கட்டி, பெயின்டர் விட்ட புட்டி, வேலை செய்யும்போது செருகி எடுக்க மறந்த ஆப்பு. எடுத்துப்போட்டால் அன்றைக்கே சத்தம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து கதவு நிலை. நிலையின் அடியை அறுத்து, பலகையை அதற்குள் தள்ளியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் நிலைக்கு ஒட்டப் பலகையை வெட்டி நிறுத்தியிருந்தால், அந்த மூலை எப்போதும் முட்டிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் வாசற்படி பக்கம் 'டக்' 'டக்' என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

மிதக்கும் தரையின் மேல் கனமான எதையும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தக்கூடாது. ஆனால் நடப்பது என்ன? தரை போட்ட மறுவாரம் அலமாரிக்காரர் வந்து, சுவரோடு ஒட்டி ஆளுயர அலமாரியைத் தரையின் மேலேயே நிறுத்தி, அடியில் ஸ்க்ரூவும் போட்டுவிடுவார். பாயின் ஒரு முனையில் குண்டுக்கல்லை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் இழுத்தால் வர வழியில்லை, நடுவில் பூட்டு விடுபடுகிறது. இரும்பு பீரோ தனியாக நின்றால் பரவாயில்லை. பீரோவும் அதற்கு எதிர்ச் சுவரில் கல் வைத்த பூஜை மேடையும் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஹால் நீளமாக, 8, 10 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போய், நடுவில் ஒரு பிரிப்புப் பட்டைகூட இல்லாமல் இருந்தாலும் இதே கதைதான். எத்தனை மீட்டருக்கு ஒரு பட்டை வேண்டும் என்று பலகை வந்த அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

கெட்டிப் பலகைகளில் இன்னொரு 'டக்' உண்டு. தரையை இழைத்துவிட்டு மேலே பாலீஷ் போடும்போது, அது இடுக்குகளில் இறங்கிப் பக்கத்துப் பலகைகளை ஒன்றாக ஒட்டிவிடும். முதல் கோடையில் மரம் சுருங்கும்போது அந்த ஒட்டு 'படக்' என்று விடும். நடு ராத்திரியில், யாரும் நடக்காதபோது கேட்கும். பேய், பிசாசு எதுவும் இல்லை. இடைவெளி நூலிழையாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒட்டு விட்ட பிறகு அந்த இடம் பேசாது. நாலைந்து பலகை சேர்ந்து ஒரு கட்டாகி, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் மட்டும் அகலமான பிளவு விழுந்தால் போட்டவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தொம்: அடியில் காலி

மிதக்கும் தரையில் கொஞ்சம் 'தொம்' சகஜம், அது அதன் சுபாவம். கால் வைத்தால் தணிந்து எழுகிறதா என்று மட்டும் பாருங்கள். தணியாவிட்டால் மறந்துவிடலாம்.

பசை போட்டு ஒட்டிய தரையில் அப்படி விட முடியாது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். டைல்ஸ் வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே காதுதான். காலியாகக் கேட்கும் இடத்தைச் சுற்றி டேப்பால் வட்டம் போடுங்கள். உள்ளங்கை அளவு வட்டம், பலகை அசையவில்லை என்றால் தொட வேண்டாம். பலகையின் முனை தூக்கினாலோ, வட்டம் பலகைக்குப் பலகை தொடர்ந்தாலோ பசை பிடிக்கவில்லை. சின்னத் துளை போட்டுப் பசையை உள்ளே செலுத்தி, மேலே எடை வைத்து ஒரு நாள் விடுவார்கள். அதைத் தெரிந்தவர் செய்யட்டும்.

தரைத்தளத்து அறையில், முதலில் கெட்டியாகக் கேட்ட இடம் சில மாதம் கழித்துத் 'தொம்' என்றால் வேறு எதையும் யோசிக்காமல் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி அதன் முதுகைப் பாருங்கள். மண் கோடு தெரிந்தால் கரையான். மற்ற எல்லா வைத்தியமும் அதற்கு அப்புறம்தான்.

காலத்தைக் கேளுங்கள்

நோட்டில் எழுதிய நேரங்கள் இப்போதுதான் உதவப் போகின்றன.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 80 சதவீதமாக நீடித்தால் 16-க்குப் பக்கத்தில். ஈரம் ஏறினால் பலகையின் அகலம் கூடும், நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தேக்கு இதில் சாது. ஓக் மாதிரி மரங்களைவிடக் குறைவாகவே அசையும். அப்படியும் 5 இஞ்ச் அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகலம் மாறக்கூடும். பத்தடி அறையில் 24 வரிசை வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முழுக் கணக்கும் நடக்காது, இடுக்குகளிலும் ஆணிப் பிடியிலும் கொஞ்சம் அடங்கிவிடும். ஆனாலும் சுவரோரம் அந்த 4 நூல் எதற்கு என்று இப்போது புரியும்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். அதை நம்பி, நம் ஊரில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் அதே பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டி அனல் அடிக்கும் இதே ஊர், ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணி இரண்டு நாள் காயாத ஊராகிவிடும். மரத்துக்கு இது இரண்டு ஊர்.

ஆக, மே மாதத்தில் போட்ட தரை நவம்பரில் சத்தம் போட ஆரம்பித்தால், விரிந்து முட்டுகிறது; ஓரத்தைப் பாருங்கள். நவம்பரில் போட்ட தரை அடுத்த ஏப்ரல், மே மாதங்களில் சத்தம் போட்டால், சுருங்கித் தளர்ந்திருக்கிறது. இடுக்கில் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற அறையில் விடியற்காலை மட்டும் 'டக்' என்றால், ஏசி காற்றை உலர்த்துவதன் விளைவு. நாள் தவறாமல் துடைத்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மாப்பில் தண்ணீர் அதிகம். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை மரத்தரை அறையின் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நன்றாகப் பிழிந்த துணி போதும்.

எந்தக் காலத்திலும், எந்த நேரத்திலும், ஒரே இடத்தில், ஒரே மாதிரி சத்தம் வந்தால்? அது காலத்தால் வந்தது இல்லை. தளத்தின் மட்டமோ ஆணியோதான். மேலே சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஏலகிரியில் ஒரு வீட்டுக்குத் தேக்குப் பலகை போட ஒப்புக்கொண்டேன். கோடை முழுக்க வேலூரில் தகரக் கொட்டகையில் காய்ந்த பலகையை மழைக்காலத்தில் வண்டியில் ஏற்றி, 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிற அந்த மலைக்குக் கொண்டுபோய், மறுநாளே அடித்துவிட்டேன். ஒரு மாதத்தில் பலகைகள் ஓரம் தூக்கிக் குழிந்து, நடந்தால் முறுக்கு கடிக்கிற சத்தம். பாதித் தரையைப் பிரித்து, என் செலவில் திரும்பப் போட்டேன். பலகையை அது கிடக்கப் போகும் அறையிலேயே அட்டைப்பெட்டியைத் திறந்து அடுக்கி வைக்க வேண்டும். எஞ்சினியர்டு என்றால் இரண்டு மூன்று நாள், கெட்டிப் பலகை என்றால் குறைந்தது ஒரு வாரம். ஈரமானி வைத்திருப்பவர்கள் பலகையும் அடி ப்ளைவுட்டும் 2 முதல் 4 சதவீத வித்தியாசத்துக்குள் வந்த பிறகே அடிப்பார்கள். அகலப் பலகைக்கு 2.

புது வீடு என்றால் இன்னொரு காரணம்: கிரகப்பிரவேச முகூர்த்தம். தேதி குறித்துவிட்டார்கள், பத்திரிகை அடித்தாகிவிட்டது, தளம் பூசி இருபது நாள்தான் ஆகிறது. தளம் மேலே காய்ந்த மாதிரி வெள்ளையாகத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். பூச்சுத் தளம் ஒரு மில்லிமீட்டர் காய ஒரு நாள் என்பது வழக்கமான கணக்கு; ஒன்றரை இஞ்ச் தளம் என்றால் 40 நாள். கனம் அதற்கு மேல் போனால் இன்னும் மெதுவாகக் காயும். சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ சிமென்ட் கறுத்திருந்தாலோ பொறுங்கள். தாள் உலர்ந்திருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம், ஈரமானி வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். தரை போட்ட பிறகு இதைப் பார்க்க வழியில்லை. ஆனால் முகூர்த்த அவசரத்தில் போட்ட தரை முதல் இரண்டு மாதத்திலேயே எல்லாப் பக்கமும் சத்தம் போட்டால், காரணம் கிட்டத்தட்ட அதுதான். ஹோமத்தை மரத்தரை அறையில் வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசுவும் கன்றும் வருவதாக இருந்தால் ஹாலோடு அனுப்பிவிடுங்கள்.

போட்டவரைக் கூப்பிடுவதற்கு முன்

உங்களால் செய்ய முடிந்தவை: பவுடர், ஓரத்தில் அடைத்ததை எடுப்பது, கட்டில் போல்ட், துடைக்கும் முறை. ஆணி, ஸ்க்ரூ, பசை ஊசி மூன்றையும் நீங்களாகத் தொட வேண்டாம். நம் வீடுகள் கான்கிரீட் தளம். மரமாடி வீடுகளில் கீழே இருந்து ஸ்க்ரூ போட்டு இழுக்கிற மாதிரி இங்கே முடியாது. மேலிருந்துதான் போட வேண்டும், தளத்துக்குள் கரண்ட் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதோடு, நீங்கள் ஒரு ஆணி அடித்துவிட்டால் "அது நீங்க கை வெச்சதால வந்தது சார்" என்று போட்டவர் கையை விரித்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

டேப் ஒட்டிய அறையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சத்தத்தை வீடியோ எடுக்கும்போது காலும் தரையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். மட்டக்கோல் அடியில் கசியும் வெளிச்சத்தை, பக்கத்தில் ஸ்கேலோடு எடுங்கள். "ரூம் முழுக்க சத்தம் வருதுங்க" என்று சொன்னால் அடுத்த மாதம் வருவதாகச் சொல்வார்கள். "ஜன்னல் பக்கத்திலிருந்து அஞ்சாவது பலகை, நடுவுல, ஆறடிக்கு ரெண்டு நூல் பள்ளம், எப்பவும் வருது" என்று சொல்லிப் பாருங்கள், அந்த வாரமே வருவார்கள். வந்தவர் நேரே சுத்தியலை எடுத்தால் நிறுத்திவிட்டு, அண்ணே, முதல்ல அந்த இடத்துல மட்டம் பாருங்க என்று கேளுங்கள்.

இன்னும் தரை போடாதவர்கள், கூலியில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நான் ஒத்துக்கொள்வேன், ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள், அவர்கள் பக்க நியாயமும் உண்டு. ஆனால் மீந்த பலகையில் ஒரு பெட்டியாவது கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் இரண்டு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே நிறம், அதே காடி அளவு கடையில் கிடைக்காது. அதைப் பரணில் போடாதீர்கள். மேல்தளத்துச் சூட்டில் மே மாதம் அது முறுக்கிக்கொள்ளும். அதே அறையில், கட்டிலுக்கு அடியில், படுக்க வைத்துவிடுங்கள்.